ஜிம் பக்கத்துக் கதவு

பேருந்து என்னை இறக்கிவிட்டுப் போன பிறகுதான், கையுறையைக் கல்லூரியின் வேதியியல் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. பிப்ரவரி மாதம். முந்தின நாள் பெய்த பனியைச் சாலையோரம் ஆளுயரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். வெயில் அடித்தது. எங்கள் ஊர்க் குளிர்கால வெயில் அது. கண்ணைக் கூசவைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் முன்கதவுக்குப் போய் முழங்கையால் பொத்தானை அழுத்தினேன். முதல் கண்ணாடிக் கதவுக்கும் இரண்டாவது கண்ணாடிக் கதவுக்கும் அப்பால், மிசஸ் கோர்னிக் தன் மேசையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே ஒலிவாங்கியின் பக்கம் குனிந்தார்.

"யாரும்மா?"

"சென்யா கோர்ப்பி. பன்னெண்டாம் வகுப்பு. குடிமையியலுக்கு வந்திருக்கேன்."

"வகுப்பு எப்போ?"

"ஒரு மணிக்கு."

"அப்ப அஞ்சு நிமிஷம் இருக்கறப்போ வா."

மிசஸ் கோர்னிக்கின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. அவர் ஊருக்குப் போனால் அவருடைய பூனைக்குச் சாப்பாடு வைப்பவள் நான். அவருடைய வீட்டுச் சாவி எங்கள் அடுக்களை ஆணியில் தொங்குகிறது. அவர் மறுபடியும் சூப்பைக் கலக்க ஆரம்பித்தார். நான் படியில் இறங்கி நின்றேன். ஒரு மணிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

எங்கள் மாநிலத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் கடைசி இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடங்களைப் படிக்கலாம். செலவு அரசாங்கத்துடையது. சுரங்கம் ஒரு வருடம் ஓடி ஒரு வருடம் மூடிக் கிடக்கும் எங்களுடையதைப் போன்ற ஊர்களில் இதைப் பெரிய வரமாகத்தான் பேசுவார்கள். காலையில் ஊரின் மறுகோடியில் இருக்கும் கல்லூரியில் வேதியியலும் கணிதமும் படித்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு பாடம், குடிமையியல். அதை முடிக்காமல் யாரும் பள்ளிச் சான்றிதழ் வாங்க முடியாது. சான்றிதழ் ஜூனில் கையில் இல்லையென்றால், செப்டம்பரில் துலூத் நகரப் பல்கலைக்கழகத்தில் எனக்கென்று ஒதுக்கியிருந்த இடமும் இல்லை. ஆக, அந்த ஒரு வகுப்புக்காகத் தினமும் பேருந்து ஏறி வந்தேன். பேருந்துகளோ ஒன்று முக்கால் மணி நேரம் முன்னால் வரும். அடுத்தது மணி அடித்த பிறகு வரும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கென்று பள்ளியில் தனி விதி. முன்கதவு வழியாக மட்டும் வர வேண்டும். வகுப்புக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் வரலாம். வகுப்பு முடிந்ததும் போய்விட வேண்டும். நூலகத்தில் உட்காரக் கூடாது, சாப்பாட்டுக் கூடத்தில் உட்காரக் கூடாது, இரண்டு கதவுகளுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சிறிய கண்ணாடி அறையில்கூட நிற்கக் கூடாது. அந்த ஐந்து நிமிடத்தில் எங்களைப் போன்ற ஆறேழு பேர், பல் மருத்துவரிடம் போய்வந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள், பால் பெட்டி கொண்டுவந்த ஆள், யாரோ ஒருவருடைய அம்மா என்று எல்லோரும் ஒரே வரிசையில் நிற்போம். அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, சட்டையில் ஒட்டுவதற்கு ஒரு மஞ்சள் சீட்டை வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினால் மணி அடித்திருக்கும். மூன்று முறை தாமதமானால் ஒரு நாள் வரவில்லை என்று கணக்கு. இத்தனை நாள் வரவில்லை என்றால் பாடம் போயிற்று. அந்தக் கட்டடத்துக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறவள் நான். பதிவில் எப்போதும் தாமதமாக வருகிறவளும் நான்தான்.

எதிரே இருந்த பெட்ரோல் நிலையத்தில் கொஞ்ச நாள் ஒதுங்கினேன். காபி வாங்காமல் நிற்பதை அந்தக் கடைக்காரர் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார், பிறகு பொறுக்கவில்லை. பேருந்து நிழற்குடையின் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் துணைத் தலைமையாசிரியர் ஹால்வர்சனைப் பார்த்துப் பேசினேன். அவர் நல்ல மனிதர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். மிட்டாய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார், கேட்டுக்கொண்டார், அடுத்த பேருந்தில் வரலாமே என்றார். அது மணி அடித்த பிறகு வருகிறது என்றேன். அப்படியானால் வண்டி ஓட்டி வரலாமே என்றார். வீட்டிலிருக்கும் காரை அம்மா முதியோர் இல்லத்து வேலைக்கு எடுத்துப்போகிறார், அப்பாவின் வண்டி சுரங்கத்தில் நிற்கிறது என்றேன். ஒருத்தருக்காக விதியைத் தளர்த்தினால் எல்லோருக்கும் தளர்த்த வேண்டும் என்றார். எல்லோருக்கும் தளர்த்துங்களேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையை அவர் சொல்லிக் காட்டுவார் என்று தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, லாயிட் பெக் என்பவர் மான் வேட்டைத் துப்பாக்கியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குள் வந்தார். சமையல்கூடத்தில் வேலைபார்த்த அவருடைய மனைவி, முந்தின வாரம் அவரை விட்டுப் பிரிந்து போயிருந்தாள். அவளை எங்கே என்று கேட்டுக்கொண்டு தாழ்வாரம் தாழ்வாரமாக நடந்தார். அவள் அன்றைக்கு வேலைக்கு வரவில்லை. கடைசியில் விளையாட்டில் ஜெயித்த கோப்பைகள் வைத்திருக்கும் அலமாரிக்குக் கீழே உட்கார்ந்து அழுதார். போலீஸ் வந்து கூட்டிப்போனது. ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாதே. நானும் டார்சியும் இன்னும் பதினைந்து பேரும் ஜிம்மின் சாமான் அறையில், உடற்பயிற்சிப் பாய்களுக்குப் பின்னால், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே காலடிச் சத்தம் போயிற்று, திரும்பி வந்தது, மறுபடி போயிற்று. டார்சி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கன்றிப்போன தடம் ஒரு வாரம் இருந்தது. அதற்கு முன் ஒரு கதவும் ஒரு பொத்தானும்தான். இரண்டாவது கதவும் இத்தனை விதிகளும் அதற்குப் பிறகுதான் வந்தன. அன்றைக்கு அவரை உள்ளே விட்டது யார் என்று ஊரில் யாரும் பேசுவதில்லை.

டார்சி ஜூபான் எனக்குப் பாலர் வகுப்பிலிருந்து சிநேகிதி. பள்ளிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணிக்குக் கோலி, அதாவது கோல் வலையைக் காக்கிறவள். எங்கள் ஊரில் இது சாதாரணப் பேச்சில்லை. மேயர் யார் என்று தெரியாதவர்கள் உண்டு, கோலி யார் என்று தெரியாதவர்கள் கிடையாது. நான் கையுறையில்லாமல் நின்ற அந்த நாளில், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஜிம்முக்குப் போகும் வழியில் அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருக்கிறாள். குளிருக்கு நான் ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தின் பக்கவாட்டில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த இரும்புக் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து கூப்பிட்டது.

"வாடி ஐஸ்கட்டி. குடிமக்களோட உரிமையப் படிக்கிறதுக்காடி தெருவுல நின்னு டான்ஸ் ஆடுற?"

உள்ளே போனேன். தரை மெழுகும் வியர்வையும் பொரித்த உருளைக்கிழங்கும் கலந்த வாசனை. நான்கு வருடம் நான் கவனிக்காத வாசனை. காது சூடாகி வலிக்க ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. டார்சி சிரிக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்து இரண்டு முறை அசைத்துப் பார்த்தாள். பூட்டிக்கொண்டது தெரிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

அடுத்த நாளும் திறந்தாள். அதற்கடுத்த நாளும். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து உருளைக்கிழங்கைக் காகிதத் துணியில் சுற்றிக் கொண்டுவருவாள். ஜிம்மின் மேல்படியில் உட்கார்ந்து தின்றோம். நான் வேதியியல் கணக்கு போடுவேன், அவள் எடை தூக்குவாள், நடுநடுவே தன் அணியின் தடுப்பாட்டக்காரிகளைத் திட்டுவாள். அந்த வாரங்களில் ஒருநாள்கூட எனக்குத் தாமதமில்லை. குடிமையியல் வகுப்பில் கை தூக்கினேன். ஆசிரியர் ப்ரூயிட் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். கோலி புத்தி, சாத்தின கதவைக்கூட நம்ப மாட்டாய் என்று டார்சியை ஒருமுறை கேலி செய்தேன். அவள் கையிலிருந்த உப்பைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய ஒன்று தோன்றவே இல்லை. முன்கதவு வழியாக நான் வரவில்லை. ஆனால் வகுப்பில் இருக்கிறேன். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியாமல் போகும்?

மார்ச் தொடங்குவதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை ஹால்வர்சன் என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டனுப்பினார். இந்த முறை மிட்டாய்க் கிண்ணம் நகரவில்லை. கணினியைத் திருப்பிக் காட்டினார். கேமரா வெளிப்பக்கத்தில், கூரைக்குக் கீழே இருந்திருக்கிறது. நான் குப்பைத் தொட்டிகளைத் தாண்டி வருகிறேன். கதவு திறக்கிறது. நான் நுழைகிறேன். உள்ளே இருந்தவரின் முழங்கைகூடச் சரியாகத் தெரியவில்லை. யார் திறந்தது என்று கேட்டார். கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்தது, நிலையில் பனிக்கட்டி சிக்கியிருந்தது என்றேன். அவர் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அது எப்படித் தானாக உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் திறந்தது என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

வியாழக்கிழமை ஹாக்கி அணிக்குப் பிரிவு இறுதியாட்டம்; ஜெயித்தால் மாநிலப் போட்டி. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளிக்கதவைத் திறந்துவிட்டவர் யாராக இருந்தாலும், அந்தப் பருவம் முழுக்க எந்த அணியிலும் ஆட முடியாது. லாயிட் பெக் வந்த செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வந்த விதிகளிலேயே அதுதான் கடுமையானது. நாளை மாலைவரை யோசித்து ஒரு பெயரைச் சொன்னால், உனக்கு எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறேன் என்றார். சொல்லாவிட்டால் வருடக் கடைசிவரை பள்ளி வளாகத்துக்குள் நான் கால் வைக்கக் கூடாது. குடிமையியலைக் கோடையில் கணினி வழியாகப் படித்துக்கொள்ளலாம்.

"கோடைல படிச்சா ஜூன்ல சான்றிதழ் வராதே, சார்."

"ஆமா," என்றார் அவர். "வராது."

வெளியேறும்போது தனியாகப் போகக் கூடாதாம். என்னைக் கூட்டிப்போக மிசஸ் கோர்னிக் எழுந்து வந்தார். இடுப்பு வலியால் அவருக்கு நடை ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு கதவுகளுக்கும் நடுவிலுள்ள கண்ணாடி அறைக்கு வந்ததும் நான் நின்றேன். உள்கதவு எங்களுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது. நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். ஆமாம் என்றார். முதல் நாளே தெரிந்துவிட்டது, ஒரு வாரம் தூங்கவில்லை, பிறகு சொன்னேன் என்றார். அவர் அதை மறைக்கவாவது செய்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. என்னை உங்களுக்குத் தெரியாதா, என் கையில் உங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது, நான் என்ன செய்துவிடுவேன் என்று பயந்தீர்கள் என்று கேட்டேன்.

மிசஸ் கோர்னிக் வெளிக்கதவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"லாயிட் பத்து வருஷம் தினமும் இந்தக் கதவாண்ட வந்திருக்கான். பொண்டாட்டி மறந்துட்டுப்போன கண்ணாடி, மாத்திரை, குடை, எதையாவது குடுக்க வருவான். அன்னைக்கும் அப்படித்தான் வந்து நின்னான். சிரிச்சான். தெரிஞ்ச பையன்தானேன்னு நான்தான் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்தேன்."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"உன்னையும் எனக்குத் தெரியும்," என்றார். "அதனாலதான் சொன்னேன்."

கதவைத் திறந்து பிடித்தார். நான் வெளியே வந்த பிறகு அவர் உடனே உள்ளே போகவில்லை. நான் சாலையைக் கடக்கும்வரை அந்தக் கண்ணாடி அறைக்குள், யாரும் நிற்கக் கூடாத இடத்தில், நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விடவில்லை. அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியாமல் போயிற்று.

அன்று மாலை டார்சியிடமிருந்து தொலைபேசியில் ஒரு வரி வந்தது. "நீ சொல்லலல்ல?" அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய், என்ன ஆயிற்று, எதுவுமில்லை. இல்லை என்று பதில் அனுப்பினேன். ஒரு இதயப் படம் வந்தது. சாப்பாட்டு மேசையில் அந்தச் சிவப்பு இதயத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன், பெயரைத் தவிர. அவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. அந்தப் பெண்ணே போய்ச் சொல்லட்டும், இல்லையென்றால் நீ சொல், மூன்றாவது வழி எதுவும் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினார். அப்பா நெடுநேரம் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், வியாழக்கிழமை ஆட்டம் முடியட்டுமே என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தட்டோடு எழுந்து போனார். மறுநாள் மாலைவரை நான் ஹால்வர்சனிடம் போகவில்லை. வியாழக்கிழமை காலை கல்லூரியில் வேதியியல் கூடத்தில் இருக்கும்போது செய்தி வந்தது. இனி பள்ளி வளாகத்துக்கு வரக் கூடாது. பள்ளி நடத்தும் நிகழ்ச்சிகளுக்கும், விளையாட்டுகளுக்கும் சேர்த்து.

ஆக, அந்த ஆட்டத்தை அடுக்களை வானொலியில்தான் கேட்டேன். அப்பா அரங்கத்துக்குப் போயிருந்தார். அம்மா கேட்காதது மாதிரி மாவு பிசைந்துகொண்டிருந்தார். கடைசியான மூன்றாவது பகுதியில் எதிரணிப் பெண்கள் அலையலையாக வந்தார்கள். வர்ணனையாளருக்குக் குரல் கம்மிவிட்டது. ஜூபான் தடுத்தாள், ஜூபான் விழுந்து தடுத்தாள், ஜூபான் முகக்கவசத்தால் தடுத்தாள். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தேன். தோற்க வேண்டும் என்றும் நினைத்தேன். தோற்றால் இன்றோடு பருவம் முடிந்தது, நாளைக் காலை அவள் போய்ச் சொல்லிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மணி அடித்தபோது ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்கள். தெருவில் யாரோ வண்டியின் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்கள். அடுத்தது தலைநகரில் மாநிலப் போட்டி. இன்னும் ஒன்றரை வாரம்.

சனிக்கிழமை எங்கள் வீட்டுப் பின்கட்டு நீராவிக் குளியலறையில் அடுப்பை மூட்டினோம். முதலில் அம்மாவும் நானும் போவது வழக்கம். இருட்டில் பலகைமேல் உட்கார்ந்திருந்தோம். அம்மா கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினார், ஆவி எழுந்து கூரையில் மோதி எங்கள் முதுகில் இறங்கியது. நீ எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். எதற்காகவும் இல்லை என்றேன். அப்படியானால் ஏன் ஐந்து நிமிடத்துக்கொருமுறை தொலைபேசியை எடுத்துப் பார்க்கிறாய், இங்கே வரும்போதுகூடச் செருப்புக்குள் வைத்து எடுத்துவந்திருக்கிறாயே என்றார். நான் அழுததை அவர் வியர்வை என்று எடுத்துக்கொண்டார், அல்லது அப்படி எடுத்துக்கொண்டதாகக் காட்டினார்.

உண்மையில் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். நானாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற சின்னப் புத்தி எனக்கு இருக்கிறது என்று அந்த வாரம்தான் தெரிந்தது. பெயரைச் சொல்லாதது என் முடிவு. அவள் கேட்கவில்லை. ஆனால் அவள் போய், நான்தான் திறந்தேன் என்று சொல்லுவாள், நான் வேண்டாம் வேண்டாம் என்பேன், அவள் கேட்க மாட்டாள் என்று மனத்துக்குள் ஒரு நாடகம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நாடகத்தில் அவள் வர வேண்டிய இடத்தில் வரவே இல்லை.

திங்கட்கிழமை வந்தாள். கணித வகுப்பு முடிந்து வெளியே வந்தால், கல்லூரித் தாழ்வாரத்தின் மரப்பெஞ்சில் டார்சி உட்கார்ந்திருந்தாள். பள்ளி அணியின் சட்டை. முகவாயில் முகக்கவசம் அழுத்திய நீலத் தடம். அவள் கல்லூரிக்கு வந்ததே இல்லை. சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி இருந்தாள். அந்த வாசலில் தானியங்கிக் கதவு. யாராவது பக்கத்தில் போனால் திறக்கும், யாரும் போகாவிட்டாலும் காற்றில் பறக்கிற காகிதத்துக்குக்கூடச் சில சமயம் திறக்கும். திறக்கும்போதெல்லாம் குளிர் உள்ளே வந்தது.

"நான் பாட்டுக்கு உள்ள வந்துட்டேன்," என்றாள். "யாருடின்னு ஒருத்தர்கூடக் கேக்கல."

"இங்க யாரும் கேக்க மாட்டாங்க."

"யார் வேணா வரலாமா?"

"வரலாம்."

ஒரு ஆள் பெரிய பையோடு நுழைந்தான். அவன் மாடிப்படியில் ஏறி மறையும்வரை டார்சி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸில் எதிரணிப் பெண்கள் வரும்போது பார்ப்பாளே, அப்படி.

"உனக்கு இங்க பயமா இல்லையாடி?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு வருடமாக வருகிறேன், ஒருமுறைகூட அந்தக் கதவை நான் திரும்பிப் பார்த்ததில்லை. பாய்களுக்குப் பின்னால் இருவரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தோம். நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் இன்னும் அங்கேயே இருந்திருக்கிறாள். சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு முறை அசைத்துப் பார்த்த அந்தக் கைப்பிடி நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்டவள் எனக்காக அந்த இரும்புக் கதவைத் தினமும் திறந்திருக்கிறாள். அது அவளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நான் யோசித்ததில்லை. கோபத்தோடு காத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாயருகில் வந்து பொருந்தாமல் நின்றன.

காலையில் ஹால்வர்சனின் அறை வாசல்வரை போனதாகச் சொன்னாள். உள்ளே பயிற்சியாளர் உட்கார்ந்து அவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாராம். தலைநகருக்குப் போகும் பேருந்து, விடுதி அறைகள், அணிக்கு ஊர்க்காரர்கள் தரும் விருந்து. அப்படியே திரும்பி, தாழ்வாரத்தில் நடந்து, ஜிம் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து, முதலில் வந்த பேருந்தில் ஏறிவிட்டாளாம். அணியில் இன்னும் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களெல்லாம் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். பதில் எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி தெரியவில்லை. கை விரல்களில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்துக்கொண்டே இருந்தாள்.

"நீ என்னைத் திட்டலாம்ல," என்றாள். "ஒரு தடவையாவது."

திட்டியிருக்கலாம். அல்லது போட்டி முடியட்டும் என்று அப்பா மாதிரி சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அவள் முகம் எப்படித் தெளியும் என்று எனக்குத் தெரியும். இரண்டும் நாக்கு நுனியில் இருந்தன.

"எனக்கு ஜூன்ல சான்றிதழ் வேணும், டார்சி," என்றேன்.

அவள் தலையசைத்தாள்.

பன்னிரண்டு மணிப் பேருந்தில் இருவரும் ஏறினோம். எனக்கு அந்தப் பேருந்தில் இனி வேலையில்லை. ஆனாலும் ஏறினேன். வெப்பக்காற்று முழங்காலில் அடித்தது. ஜன்னல் முழுக்க ஆவி. சுரங்கக் குன்று, தண்ணீர்த் தொட்டி, மூடிய செருப்புக்கடை எல்லாம் மங்கலாகக் கடந்துபோயின. பள்ளி நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். நான் இறங்க முடியாது. நிறுத்தம் வளாகத்து வேலிக்கு உள்ளே. அவள் கட்டடத்தை ஒருமுறை பார்த்தாள். பக்கவாட்டில் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் அந்தக் கதவு சாத்தியிருந்தது. தட்டினால் உள்ளே இருக்கும் அணிப் பெண்கள் யாராவது திறந்துவிடுவார்கள். அவள் முன்கதவைப் பார்த்து நடந்தாள்.

பேருந்து ஓட்டுநர் ஒரு கிழவிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கிழவி கைத்தடியோடு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தாள். நான் உள்ளங்கையால் ஜன்னலைத் துடைத்தேன். டார்சி பொத்தானை அழுத்தினாள். அவளை வெளியிலிருந்து அந்தக் கதவின் முன்னால் நான் பார்த்ததே இல்லை. தோள்பட்டைகள் எல்லாம் சேர்ந்து கதவின் அகலத்துக்கு இருந்தாள். ஒலிப்பெட்டி அவளுக்கு ரொம்பத் தாழ்வாக இருந்தது. முழங்காலை மடக்கிக் குனிந்து பேச வேண்டியிருந்தது. யாரும்மா என்று கேட்டிருப்பார்கள். இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டிருப்பார்கள். அவள் பேசினாள். கதவு திறக்கவில்லை. அவள் மறுபடி பேசினாள். கண்ணாடிக்கு உள்ளே மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு உருவம் எழுந்து நிற்பது தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த உருவம்.

கிழவி உட்கார்ந்துவிட்டாள். பேருந்து கிளம்பியது. நான் இருக்கையைவிட்டு எழுந்து பின்கண்ணாடிக்குப் போனேன். டார்சி இன்னும் குனிந்தே இருந்தாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தாள். பேசப் பேச வாயிலிருந்து மூச்சு வெள்ளை வெள்ளையாகப் புகைபோல எழுந்து தலைக்குமேல் போய்க்கொண்டே இருந்தது. தன் பெயரை மட்டும் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.